கிணற்றடிக்கு வராத கல்வி

சுற்றுச்சூழல் அறிவைப் பல்கலைக்கழகங்கள் வளர்க்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். வளர்க்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்றே, விளைந்தது என்ன என்று கேட்பாரைத்தான் காணோம். 1991ஆம் ஆண்டு எம்.சி. மேத்தா வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் இப்பாடம் கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் வழியே பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலைப் பட்ட மாணவர் அனைவர்க்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் வகுத்தது. ஆணையிட்டவர்களைக் குறைகூற எனக்கு வாய் வராது. அதனை ஒரு வினாத்தாளாகச் சுருக்கி, பருவத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடத் தக்கதாக ஆக்கிய கல்லூரிகளின் மீதே என் வழக்கு.

இராசிபுரத்துப் பக்கம் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், பின்னர்க் கல்லூரியிலும் பட்டம் பெற்றான். அவன் தந்தையின் கிணறு வற்றியது. கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட முனைந்தபோது, ரிக் வண்டிக்கு முன்பாக வந்து சேர்ந்தவர், உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் துளையிட்டார்கள். புழுதிதான் பறந்தது. சுற்றுச்சூழல் பாடத்தில் எண்பது மதிப்பெண் வாங்கியவன், அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நிலத்தடி நீரைப் பற்றித் தேர்வில் எழுதினாயே அப்பா?" என்று கேட்டேன். "அதிலே இந்த ஊர் இல்லையே ஹஜ்ரத்" என்றான்.

அவன் சொன்னதில் பிழை ஏதுமில்லை. நம் சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் கிடப்பது கடும்பாறை. மணற்படுகை போல் அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே சிதைந்த பாறையிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். வெடிப்பைத் தவறவிட்டால் ஆயிரம் அடி போனாலும் கல்தூள்தான். வெடிப்பு அகப்பட்டாலும், மழைநீர் அதற்குள் இறங்க வழியில்லையேல் சில கோடைகளில் அதுவும் வெறுமையாகும். இந்தியா முழுதும் ஓடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் திருச்செங்கோடு. பூமியைத் துளைக்கும் தொழிலைப் பட்டம் பெறாத கைகளே வடநாடு வரை கொண்டு சென்றன. அந்தத் திருச்செங்கோட்டைச் சுற்றித்தான் பொறியியல் கல்லூரிகள் எத்தனை! நீரை எடுக்கக் கற்றவருக்கு, அதைப் பூமிக்குத் திருப்பிக் கொடுக்கக் கற்பிக்க வேண்டியவர் யார்?

மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, அதன் தடையை அளந்து நீருள்ள அடுக்கை ஊகிக்கும் முறை, நிலவியலார்க்குப் பழம் பாடம். 1997இல் தோன்றி, சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கெனப் பொறுப்பேற்ற பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை உண்டு. அவ்வறிவு தேங்காய்க்காரரை முந்திக்கொண்டு ஒவ்வொரு வயலுக்கும் வரவேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆகாத காரியம் என்பார்க்கு நாமக்கல்லையே காட்டுவேன். 1985இல் தொடங்கிய அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை நாளிதழ்களில் வெளிவருகிறது. வெப்பம் இவ்வளவு, காற்று இத்திசை, ஆகவே கோழிகளுக்கு இன்னது செய்க என்று பண்ணையாளர்க்கு விளங்கும் தமிழில் அது சொல்கிறது. கோழிக்குக் கிடைத்த பேறு கிணற்றுக்கு ஏன் கிடைக்கலாகாது?

ஜவ்வரிசி ஆலைகளையும் பாருங்கள். நாற்றமெடுக்கும் கழிவுநீரை மூடிய தொட்டியில் அடைத்து, எரிவாயு எடுத்து, அதையே ஆலைக்கு எரிபொருளாக்கும் இடங்கள் இம்மாவட்டங்களில் உள்ளன. அத்தொட்டியைப் பேணும் தொழிலாளியின் கையில் இருப்பதைத்தான் பெரியவர்கள் 'பசுமைத் திறன்' என்று பெயரிட்டுப் பேசுகிறார்கள். 2015இல் அதற்கென ஒரு திறன் மன்றமும் புதுதில்லியில் அமைந்தது. அந்தத் தொழிலாளியைக் கல்லூரிக்குள் அழைத்து, மாணவர் முன் நிறுத்திப் பாடம் சொல்லக் கேட்டதாக நான் அறிந்ததில்லை.

உயர் ஆய்வுக்குரிய இடத்தை வயற்காட்டுக்கு இழுப்பதா என்று முகம் சுளிப்போர் உளர். 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் நூலில் முன்னோர் கூற்றுகளைத் தொகுத்ததோடு நிற்கவில்லை. தாமே பயிரிட்டுக் கண்டவற்றையும் குறித்து வைத்தார். எருவைப் பற்றி எழுதியதனால் அவர் புலமை குன்றிவிடவில்லை.

இதை எழுதும்போது எனக்கும் கூசத்தான் செய்கிறது. ஃபிக்ஹு நூல்களில் முதற்பாடமே தண்ணீர்தான். எது தூயது, எது தூய்மையாக்க வல்லது என்று. பல ஆண்டுகள் அதனை ஓதிக்கொடுத்தேன். ஒளுச் செய்த நீர் எங்கே போகிறது என்று ஒரு மாணவனையும் கேட்கச் செய்தேனில்லை. அது சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

வினாத்தாளைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. பாதி மதிப்பெண்ணையாவது எழுத்திலிருந்து பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் ஊரில் பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையிலும், ஐப்பசி மழைக்குப் பின்னும் கயிறு விட்டு அளந்து எழுதட்டும். அடுத்த ஆண்டு மாணவன் அதே கிணறுகளை மீண்டும் அளக்கட்டும். அந்தக் குறிப்பேடு பல்கலைக்கழக நூலகத்தில் உறங்க வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில், ரிக் வண்டிக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவன் கைக்கெட்டும் மேசைமேல் கிடக்கட்டும்.