பிள்ளைகளின் உயிரைக் காப்பதும் சங்கத்தின் வேலையே!

மே மாதம் வந்தால் பரீட்சை முடிவுகள் வெளியாகின்றன. முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் பெரிதாக வருகின்றன. அதே பத்திரிகையின் மூலையில் நாலு வரியில் வேறொரு செய்தியும் வருகிறது: இன்ன ஊரில், இன்ன கூலித் தொழிலாளியின் பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்டது. மறுநாள் அந்தச் செய்தி மறைந்துவிடுகிறது. பெற்றவர்களின் துயரம் மறைவதில்லை.

இது அந்தக் குடும்பத்தின் தலைவிதியா? "பையன் கோழை" என்று சொல்லிவிட்டு நாம் ஷிப்டுக்குப் போய்விடலாமா? கூடாது, தோழர்களே! இது நம் வீட்டு விஷயம். நம் வர்க்கத்தின் விஷயம்.

சர்க்காரின் கணக்கே அதைச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள்! மாணவர்கள் மட்டும் 13,000க்கும் அதிகம். தமிழ்நாட்டில் அந்த ஓராண்டில் மாண்டவர்கள் 19,834 பேர். பஞ்சாலையிலும் வயலிலும் பாடுபடும் குடும்பங்களின் வாசலில் நிற்கும் ஆபத்து இது. இதைப் பற்றிச் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

இரண்டு தவறான எண்ணங்கள்

நம்மிடையே இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. முதலாவது, "சாக நினைத்தவனைத் தடுக்க முடியாது" என்பது. இரண்டாவது, "வறுமையும் வேலையின்மையும் ஒழிந்தால் இதுவும் தானே ஒழியும், அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது.

இரண்டாவது எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. வாசலில் கடன்காரன் நின்று அப்பனை ஏசுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, சாதியைச் சொல்லி வகுப்பிலே இழிவுபடுத்தப்படும் பிள்ளை, ஒரே ஒரு பரீட்சையில் தவறினால் வாழ்க்கையே போயிற்று என்று மிரட்டப்படும் பிள்ளை: இவர்களின் துயரத்துக்குக் காரணம் சமூகத்தில் இருக்கிறது. அதை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும். ஆனால் இன்றிரவு தூங்காமல் விழித்திருக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்குமா? அந்தப் பிள்ளையை நாளைக் காலைவரை காப்பாற்றினால்தானே நாளைய போராட்டத்தில் அது நம்மோடு நிற்கும்?

முதல் எண்ணமோ முழுப் பொய். அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது.

இலங்கை காட்டிய வழி

இலங்கையில் ஒரு காலத்தில் தற்கொலை உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. அந்நாட்டுச் சர்க்கார் 1984 முதல் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1996 முதல் 2005 வரையான காலத்தில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் அங்கே வறுமை ஒழிந்துவிட்டதா? யுத்தம் முடிந்துவிட்டதா? இல்லை! ஆயினும் ஆயிரமாயிரம் பேர் பிழைத்தார்கள்.

காரணம் என்ன? உயிரை விடும் எண்ணம் பலருக்குப் புயல்போல வந்து, புயல்போலவே கடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வாழவே விரும்புகிறார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதில் உடனடிப் பாடம் உண்டு. வயலுக்கு வாங்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாடு செய்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் விவசாயிகளோடு பேசி இதைச் செய்யச் சங்கத்தால் முடியும். ஒரு அறை, ஒரு பூட்டு, சாவிக்குப் பொறுப்பாக ஒரு ஆள். இதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் வேண்டியதில்லை.

ஒரு விசாரிப்பின் பலம்

இன்னொரு உண்மை இருக்கிறது. 2008இல் வெளியான ஆராய்ச்சி இது. உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து நாடுகளில் நடத்தியது. நம் சென்னையும் அதில் ஓர் இடம். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு; பிறகு ஒன்றரை ஆண்டில் ஒன்பது முறை நேரிலோ டெலிபோனிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவுதான். முடிவு என்ன? வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் பின்னர் தற்கொலையால் மாண்டார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர்!

"எப்படி இருக்கிறாய், தம்பி? சாப்பிட்டாயா? வேலை கிடைத்ததா?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பது உயிரைக் காக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சந்தா வசூலிக்கத் தெரிந்த நமக்கு இது தெரியாத வேலையா?

வீட்டில் செய்யவேண்டியது

கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. தூக்கமும் சாப்பாடும் குறைகின்றன. ஆசையாக வைத்திருந்த பொருளை மற்றவருக்குக் கொடுத்துவிடுகிறது. "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்கிறது. இந்தப் பேச்சை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியே அழைத்து உட்காரவைத்து நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா, கண்ணு?" கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வளர்வதில்லை. பாரத்தை இறக்கிவைக்கத்தான் அது வழி செய்கிறது.

ஆமென்று சொன்னால் அடிக்காதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். சொல்வதை முழுக்கக் கேளுங்கள். தனியே விடாதீர்கள். மருந்து, விஷம் எதுவும் வீட்டில் இல்லாமல் அகற்றுங்கள். உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம், 104க்கும் பேசலாம். 14416இல் பல இந்திய மொழிகளில் பேச வழியுண்டு. வடக்கிலிருந்து வந்து நம் ஆலைகளில் வேலை செய்யும் வாலிபர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் மறைப்பவர்கள் இன்னும் உண்டு. அந்தப் பயத்தை விடுங்கள். முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கியது பழைய 309ஆவது பிரிவு. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது சர்க்காரின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் எழுதினால் அது நடைமுறை. அதற்காக ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

பள்ளிக்கூடமும் ஆலை விடுதியும்

பள்ளிக்கூடம் மார்க் உற்பத்தி செய்யும் ஆலையல்ல. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறிய பிள்ளைகள் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் மேலே படிக்கலாம். இந்த வசதி தமிழ்நாட்டில் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் முடிவு வரும் நாளில் எத்தனை தாய் தகப்பன்மாருக்கு இது தெரிகிறது? முடிவு வருவதற்கு முன்பே உபாத்தியாயர்கள் இதை வகுப்பில் சொல்லவேண்டும். தவறிய பிள்ளையின் வீட்டுக்கு அன்றே ஒருவர் போகவேண்டும். உபாத்தியாயர் போகட்டும், போகாவிட்டால் சங்கத் தோழர் போகட்டும்!

நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலையில் கூறியது. அது காகிதத்தில் கிடந்தால் போதுமா? உங்கள் ஊர்ப் பள்ளியில் இருக்கிறாரா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

கோவை, திண்டுக்கல், ஈரோடு பக்கத்து நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகளின் நிலையும் கவனத்துக்குரியது. இரவு ஷிப்டு, மேஸ்திரியின் ஏச்சு, வீட்டாரோடு பேசக்கூடக் கட்டுப்பாடு. வெளியே பேச வழியில்லாத துயரம் உள்ளே அழுகிப்போகிறது. வீட்டாரோடு தினமும் பேசும் உரிமை, விடுப்பு எடுக்கும் உரிமை, சங்கத்தில் சேரும் உரிமை: இவை கூலிக் கோரிக்கைகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

சாவைப் புகழாதீர்கள்

ஒரு பிள்ளை மாண்டுவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அநீதியை எதிர்த்து முழங்குவோம். ஆனால் அந்தச் சாவை வீரச் செயலாக மேடையில் புகழ்வது தவறு. அதே துயரத்தோடு கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை அதைக் கேட்டு என்ன முடிவுக்கு வரும்? "உயிரோடிருந்தபோது என் பேச்சை யாரும் கேட்கவில்லை, செத்தால் கேட்பார்கள்" என்றல்லவா நினைக்கும்? உயிரோடிருக்கும்போதே கேட்போம்! பிள்ளையை இழந்த வீட்டைப் பழி பேசாமல் அரவணைப்போம். அந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் நீண்ட நாள் துணை வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்திலேயே இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும். வீடு சென்று விசாரிக்க இரண்டு தோழர்களைப் பொறுப்பாக்குங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். 14416 என்ற எண்ணை ஆலை வாசலிலும் ரேஷன் கடையிலும் பள்ளிச் சுவரிலும் எழுதுங்கள். மருந்தைப் பூட்டி வைக்க ஊரோடு பேசுங்கள். தாலுகா ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டர், பள்ளிகளில் ஆலோசகர், கொடிய பூச்சிமருந்துகளுக்குத் தடை, கடன் வசூல் அடாவடிக்கு முடிவு ஆகியவற்றைச் சர்க்காரிடம் கோரிக்கையாக வையுங்கள்.

கூலிக்காக ஒன்று சேர்ந்தோம். நிலத்துக்காக ஒன்று சேர்ந்தோம். யாருக்காக அந்தக் கூலி? யாருக்காக அந்த நிலம்? நம் பிள்ளைகளுக்காகத்தானே! அவர்கள் வாழவேண்டும். அவர்களைத் தனியே விடாதீர்கள், தோழர்களே!