ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வழித்துணை

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது யார் பொறுப்பு? பழைய பள்ளியைப் பொறுத்தவரை அது படித்து முடித்த பிள்ளை. புதிய பள்ளிக்கோ இன்னும் வராத பிள்ளை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 யூடைஸ் அறிக்கையின்படி, நாடு முழுவதும் இடைநிற்றல் தொடக்க வகுப்புகளில் 1.5 சதவீதம், ஆறு முதல் எட்டு வரை 3 சதவீதம், ஒன்பது, பத்தில் 12.6 சதவீதம். இந்த ஏற்றத்துக்குச் சட்டமும் வழிவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடும் எட்டாம் வகுப்போடும் நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016 திருத்தத்துக்குப் பிறகும், 14 வயது நிறைந்தவர்களை அபாயமற்ற வேலைகளில் சேர்க்க அனுமதிக்கிறது. படிக்கும் உரிமை முடியும் வயதும் வேலைக்குப் போகலாம் என்ற வயதும் ஒன்றாக இருக்கின்றன.

செங்கல் சூளைக்கு இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளையும், பெற்றோரை இழந்த பிள்ளையும், கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட வீட்டுப் பெண்பிள்ளையும் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். பிள்ளை சேரவில்லை என்பதைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவு காட்டும். காரணத்தை வீட்டுக்குப் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பின் கடைசிப் பருவத்திலேயே இத்தகைய பிள்ளைகளை அடையாளம் கண்டு, ஆளுக்கொரு வழித்துணையை நியமிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், பஸ் பாஸ், விடுதி இடம் ஆகியவற்றுக்கு உடன் அலைவது, வாரம் ஒருமுறை பேசுவது, பள்ளிக்கு வராவிட்டால் வீடு தேடிச் செல்வது என ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை அந்தத் துணை நீடிக்க வேண்டும்.

உதவித்தொகை போதாதா என்று கேட்கலாம். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் அரிய உதவிதான். ஆனால் அது உயர்கல்விக்குப் போனவர்களுக்கு. ஒன்பதில் நின்ற பிள்ளையை அது எட்டாது. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பதும் உண்மை. அதனால் இப்பணியை அவர்கள் தலையில் கட்டாமல், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பழகிய தன்னார்வலர்களை மதிப்பூதியத்துடன் அமர்த்தலாம். பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த அச்சம் எல்லாவற்றையும்விட நியாயமானது. பின்னணி விசாரணை, போக்சோ சட்டப் பயிற்சி, தனியிடத்தில் சந்திக்கத் தடை, பள்ளி மேலாண்மைக் குழுவின் கண்காணிப்பு ஆகிய நான்கும் இல்லாமல் யாரையும் நியமிக்கக் கூடாது. கட்டடத்துக்கும் கணினிக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் அரசு, இந்த ஓராண்டுத் துணைக்கும் ஒதுக்க வேண்டும். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளையைத் தேடி மீட்பதைவிட, நிற்காமல் காப்பது எளிது, செலவும் குறைவு.