பறக்கிறதுக்கு முன்னாடி நீங்க கையெழுத்து போடுறீங்க... பாராசூட்டை மடிச்சவர் போட்டாரா?

ஆலங்குளத்தில் காலையில் காரை எடுத்தால் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வர்கலா போய்விடலாம். அங்கே பாபநாசம் என்று ஒரு கடற்கரை. நம்ம தாமிரபரணி பாபநாசம் இல்லை, இது கேரளத்துப் பாபநாசம். 2023 மார்ச் 7 அன்று அங்கே நடந்ததை வீடியோவில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோவையைச் சேர்ந்த ஒரு பெண்ணும் பயிற்சியாளரும் சேர்ந்து பறந்த பாராகிளைடர், ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்தில் சிக்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் அந்தரத்தில் தொங்கினார்கள். கீழே வலை கட்டி, கம்பத்தை மெல்ல இறக்கி, கடைசியில் வலையில் விழுந்துதான் பிழைத்தார்கள்.

எல்லாருக்கும் அந்த வலை கிடைப்பதில்லை. 2019 நவம்பரில், கல்யாணமாகிச் சில நாளே ஆன சென்னை இளைஞர் ஒருவர் இமாச்சலின் குலு மாவட்டத்தில் இப்படிப் பறக்கும்போது பெல்ட் கழன்று விழுந்து இறந்தார். 2024 பிப்ரவரியில் அதே மாவட்டத்தில் ஹைதராபாத்தைச் சேர்ந்த 26 வயதுப் பெண் இறந்தார். கருவிக்கு அனுமதி இருந்தது, பைலட் பதிவு பெற்றவர், வானிலையிலும் குறை இல்லை. பெல்ட்டைச் சரிபார்க்காத மனிதத் தவறுதான் காரணம் என்று சுற்றுலாத் துறையின் முதல்கட்ட விசாரணை சொன்னது.

ஒவ்வொரு முறையும் நான்கு நாள் செய்தி ஓடுகிறது. அப்புறம் 'விதி முடிஞ்சுபோச்சு' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆனால், இது விதி செய்கிற வேலையா?

டேன்டம் என்றால் என்ன?

ஒரே பாராசூட்டில் இரண்டு பேர். பயிற்சி பெற்றவர் பின்னால், பயணி முன்னால். ஸ்கை டைவிங்கில் சுமார் 10,000 அடி அல்லது அதற்கும் மேலே விமானத்திலிருந்து குதிப்பார்கள். பயணியின் ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை, தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு கொக்கிகளில் பயிற்சியாளரோடு இணைந்திருக்கும். குதித்ததும் 'ட்ரோக்' எனும் குட்டிப் பாராசூட் வெளியே வந்து வேகத்தை மணிக்கு 200 கி.மீ. அளவில் பிடித்து நிறுத்தும். 5,000 அடி வாக்கில் பெரிய பாராசூட் விரியும். அது சரியாக விரியாவிட்டால், அதைக் கழற்றிவிட்டு ரிசர்வ் பாராசூட்டை விரிப்பார்கள். பயிற்சியாளர் மயங்கிவிட்டால்கூட, சுமார் 1,900 அடியில் ஒரு தானியங்கிக் கருவி ரிசர்வை விடுவிக்கும்.

வர்கலாவிலும் குலுவிலும் நடப்பது பாராகிளைடிங். அதில் பெரிய விதானம் தரையிலேயே விரிந்துவிடும். மடித்து வைத்திருப்பது ரிசர்வ் மட்டும்தான். அதனால்தான் அங்கே கழன்ற பெல்ட் முதல் எமனாக இருக்கிறது.

மடிக்கிறதுல என்ன தப்பு வரும்?

டேன்டம் பாராசூட்டின் துணி சுமார் 350 சதுர அடி. அதையும் அதன் கயிறுகளையும் ஒரு முதுகுப் பைக்குள் அடக்க வேண்டும். ஒரு கயிறு துணியின் மேலே ஏறிக்கொண்டால், விரியும்போது நடுவில் இறுக்கி விதானத்தை இரண்டாகப் பிளந்துவிடும். கயிறுகள் ரப்பர் வளையத்தில் சிக்கினால் பையே திறக்காது. விரியும் வேகத்தைக் குறைக்கும் 'ஸ்லைடர்' துணியை மேலே சரியாக ஏற்றி வைக்காவிட்டால், பாராசூட் படாரென்று விரிந்து கழுத்து, முதுகைப் பதம் பார்க்கும். ட்ரோக்கை ஒவ்வொரு முறையும் மறுபடி தயார்செய்ய மறந்தால் அது காற்றைப் பிடிக்காது. எல்லாமே சில விநாடிக் கவனக்குறைவுதான்.

பல நாடுகளில் மடிப்பவருக்குக் கூலி, மடித்த எண்ணிக்கைக்குத்தான். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றால் கை வேகமாகத்தான் ஓடும். ஆனால் பீடியைக் கடையில் கொடுக்கும்போது செக்கிங் உண்டு. சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். தப்பாக மடித்த பாராசூட்டைக் கீழேயே யாரும் கழிக்காவிட்டால், அந்தத் தப்பு தெரியவருவது வானத்தில்தான்.

ரொம்பப் பயமுறுத்துறீங்களே?

நியாயமான கேள்வி. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அங்கே சுமார் 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். அந்த நாட்டில் ரிசர்வ் பாராசூட்டை 'ரிக்கர்' எனும் உரிமம் பெற்றவர்தான் மடிக்க முடியும். 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். மடித்தவர் தன் முத்திரையை வைத்து, அட்டையில் தேதியோடு கையெழுத்து போட வேண்டும். நாளைக்கு ஏதாவது நடந்தால், யார் மடித்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

அங்கேயும் ஓட்டை இருந்திருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாவின் லோடியில் டேன்டம் குதிப்பில் 18 வயதுப் பயணியும் பயிற்சியாளரும் இறந்தார்கள். அந்தப் பயிற்சியாளருக்கு முறையான தகுதிச் சான்றே இல்லை. சான்று கொடுக்கும் தகுதி தனக்கு இல்லாமலே, இன்னொருவர் கையெழுத்தைப் பயன்படுத்திப் பயிற்சி நடத்தியவருக்கு 2024-ல் இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. எட்டு வருஷம் ஆனாலும், கையெழுத்தைப் பிடித்துக்கொண்டே போய் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

இங்கே என்ன நிலைமை?

2022 ஜூனில் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. பாராசூட், பாராகிளைடிங் எல்லாம் அதில் வருகிறது. வர்கலா சம்பவமும், 2024 குலு மரணமும் அதற்குப் பிறகு நடந்தவை. 2025 ஜனவரியில் கோவாவின் கேரியில் புனேவைச் சேர்ந்த பெண்ணும் பைலட்டும் டேன்டம் பாராகிளைடிங்கில் இறந்தார்கள். ஆக, காகிதத்தில் இருக்கிற கொள்கை இன்னும் குன்றின் உச்சிக்கு ஏறி வரவில்லை.

அனுபவசாலி கூட இருக்காரே, போதாதா? போதாது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் ஆக்ராவில் விமானப் படையின் பாராசூட் பயிற்றுநர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். பாராசூட் சரியாக விரியவில்லை என்றே செய்திகள் வந்தன. குதிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. அப்படியிருக்க, இன்ஸ்டா ரீல் பார்த்துவிட்டு முதல் தடவை வருகிற ஒருவர் எதைச் சோதித்துப் பார்க்க முடியும்? டேன்டம் பயணி தன் உயிரை முழுசாக இன்னொருவர் கையில் கொடுக்கிறார். ஆனால் அவர் போடுகிற கையெழுத்தில் இருப்பதோ, 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்கிற வாசகம். பொறுப்பைச் சுமக்க வேண்டியவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இது தலைகீழ் நியாயம்.

மாற வேண்டியது மூன்று. ஒன்று, ரிசர்வ் பாராசூட்டை மடித்தவர் பெயர், உரிம எண், தேதி உள்ள அட்டையைப் பயணியிடம் காட்டுவது கட்டாயமாக வேண்டும். இரண்டு, புறப்படும் முன் கொக்கிகளையும் கால் வார்களையும் பைலட் தவிர இன்னொருவர் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூன்று, அனுமதி பெற்றவர்கள் பட்டியலை மாநில அரசுகள் தமிழிலும் மலையாளத்திலும் பறக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. ஓர் அட்டை, ஒரு பேனா, ஒரு ஆள் போதும்.

அதுவரை பயணிக்கு ஒரே வழி, கூச்சப்படாமல் கேட்பதுதான். "ரிசர்வ் எப்ப மடிச்சது? யார் மடிச்சா? அட்டையைக் காட்டுங்க. பெல்ட்டை இன்னொருத்தர் பார்த்தாச்சா?" பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில், கட்டின பணம் போனாலும் போகட்டும் என்று இறங்கி வந்துவிடலாம்.