உனக்கு என்ன விடை வந்துச்சு?

மதியம் ஒன்றேகால் மணிக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிகிறது. வெளியே வரும் பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மரத்தடியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"டேய், ஒன் மார்க் ஒன்பதாவதுக்கு என்னடா போட்ட?"

"நான் 'ஆ' போட்டேன்."

"போச்சுடா... நான் 'இ' போட்டுட்டேன்."

ஒருவன் முகம் மலர்கிறது, இன்னொருவன் முகம் சுருங்குகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் பனமலையோ செஞ்சியோ, எந்த ஊரானாலும் கணக்குப் பரீட்சை அன்று இதுதான் நடக்கும். பஸ் ஏறினால் பஸ்ஸிலும், வீட்டுக்கு வந்தால் வாட்ஸ்அப் குரூப்பிலும் தொடரும்.

2025ஆம் ஆண்டு கணக்குத் தேர்வு ஏப்ரல் 7ஆம் தேதி நடந்தது. 'ரொம்பக் கஷ்டம்' என்று பிள்ளைகள் சொன்னார்கள். மே 16ஆம் தேதி முடிவு வந்தபோது அது பொய்யில்லை என்று தெரிந்தது. 2023இல் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 3,649 பேர். 2024இல் 20,691 பேர். 2025இல் வெறும் 1,996 பேர். ஒரே வருடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு வருடத்துப் பிள்ளைகள் பத்து மடங்கு கெட்டிக்காரர்களாகவும், அடுத்த வருடத்துப் பிள்ளைகள் திடீரென்று மக்காகவும் ஆகிவிட முடியுமா? மாறியது பெரும்பாலும் கேள்வித்தாள்தான்.

ஆனால் அதே முடிவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கணக்கு கஷ்டமாக இருந்த அந்த 2025இல், தேர்ச்சி விகிதம் குறையவில்லை. 91.55 சதவீதத்திலிருந்து 93.80 ஆக உயர்ந்தது. எழுதிய சுமார் 8.71 லட்சம் பேரில் 8.17 லட்சம் பேர் பாஸ். ஏப்ரல் 7 மதியம் மரத்தடியில் 'நான் ஃபெயில்தான்' என்று கண் கலங்கிய எத்தனையோ பிள்ளைகள் இந்த 8.17 லட்சத்துக்குள் இருந்திருப்பார்கள்.

மரத்தடித் தீர்ப்பு ஏன் இப்படித் தப்பாகிறது? அங்கே எல்லாரும் ஒப்பிடுவது கடைசி வரியை மட்டும்தான். திருத்துகிற ஆசிரியரோ முதல் வரியிலிருந்து படிக்கிறார்.

ஓர் உதாரணம். 300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் என்ன? கூட்டுத் தொடரில் இப்படிக் கேட்பது வழக்கம். முதல் எண் 301, கடைசி எண் 595. இரண்டையும் கழித்து 7ஆல் வகுத்தால் 42. அதோடு ஒன்றைக் கூட்டினால் மொத்தம் 43 எண்கள். கூடுதல் 19,264. அந்த ஒன்றைக் கூட்ட மறந்த பிள்ளைக்கு 18,816 வரும். மரத்தடியில் அது 'தப்பு', அவ்வளவுதான். ஐந்து மதிப்பெண்ணும் போயே போச்சு என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஆனால் விடைத்தாளில் 301 சரி, 595 சரி, வித்தியாசம் 7 சரி, கூடுதலுக்கான சூத்திரம் சரி. இதற்கெல்லாம் தனித்தனியே மதிப்பெண் உண்டு. தவறியது ஒரு படி. போவதும் அந்தப் படிக்கு உரியதுதான்.

கேள்வித்தாளின் அமைப்பையும் பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண் கேள்விகள் 10க்கு 20. ஐந்து மதிப்பெண் கேள்விகள் 10க்கு 50. வடிவியல் வரைபடமும் கிராஃபும் சேர்ந்து 16. ஆக 100. பாஸ் ஆக வேண்டியது 35. ஒன் மார்க்கில் நாலு போனாலும் போவது நாலுதான். நாற்பதாகத் தெரிவது பயத்தினால்.

இன்னொரு விஷயம். நாலு பேருக்கு ஒரே விடை வந்து, ஐந்தாவது பிள்ளைக்கு மட்டும் வேறு வந்தால், 'நான்தான் தப்பு' என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். கணக்கு விடையை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நாலு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து வழுக்கியிருக்கலாம்.

அதற்காகப் பேசவே கூடாது என்று தடை போட்டால் நடக்காது. மூன்று மணி நேரம் வாய் மூடி உட்கார்ந்த பிள்ளைகள் பேசத்தான் செய்வார்கள். கஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற சந்தோஷமும் அதில் இருக்கிறது. ஆனால் அடுத்த பரீட்சை காத்திருக்கிறது. 2025இல் கணக்குக்கும் ஏப்ரல் 11ஆம் தேதி அறிவியலுக்கும் நடுவே இருந்தது மூன்றே நாள். அறிவியலில் அந்த வருடம் நூறு வாங்கியவர்கள் 10,838 பேர், முந்தைய வருடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். போன பரீட்சையை நினைத்து அழுகிற ஒவ்வொரு மணி நேரமும் வருகிற பரீட்சையிலிருந்துதான் கழிகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை செருப்பைக் கழற்றும் முன்னே "எவ்வளவு வரும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் யாரிடமும் உண்மையான பதில் கிடையாது. "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்பது போதும். "பக்கத்து வீட்டுப் பொண்ணு ஈஸின்னு சொன்னாளே" என்பதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புலம்புகிற பிள்ளையைவிட, பேசாமல் போய்ப் படுத்துக்கொள்கிற பிள்ளையைக் கவனியுங்கள். மரத்தடிக் கூட்டத்தில் சேராமல் தனியாகப் பஸ் ஏறியது அதுவாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்காருங்கள். "ஃபெயிலானாலும் ஜூலையிலேயே துணைத்தேர்வு இருக்கு, இந்த வருஷமே ப்ளஸ் ஒன் சேரலாம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். பெரியவர்களுக்குத் தெரிந்த அந்த வழி, பதினைந்து வயதுக்கு அந்த ராத்திரியில் ஞாபகம் வராது. மனசு ரொம்பத் தளர்ந்திருந்தால் 104 அல்லது 14416க்கு போன் செய்தால் ஆலோசகர்கள் பேசுவார்கள். காசு கிடையாது.

கேள்வித்தாளைக் கிழித்துப் போட வேண்டாம். கடைசிப் பரீட்சை முடியும்வரை பீரோவுக்குள் இருக்கட்டும். அப்புறம் நிதானமாக எடுத்து, அதே நண்பர்களோடு உட்கார்ந்து மறுபடி போட்டுப் பாருங்கள். எங்கே வழுக்கியது என்று புரிந்துகொள்ள அதுதான் நல்ல நேரம். ப்ளஸ் ஒன்னில் கணக்கு எடுப்பவர்களுக்கு முதல் பாடமே அதுதான்.

பனமலைப் பிள்ளைகளுக்கு அதற்கு நல்ல இடமும் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் குன்றின் மேல் நிற்கிறது. கீழே நின்று கோயிலை அண்ணாந்து பார்த்தால் ஏற்றக் கோணம், மேலே ஏறி ஏரியைப் பார்த்தால் இறக்கக் கோணம். பரீட்சை ஹாலில் குழப்பிய அந்தப் படம், அங்கே கண் முன்னால் விரிந்து கிடக்கும். அவசரமில்லை, மணியடிக்க ஆளுமில்லை. ஒன்றைக் கூட்ட மறந்திருந்தால் இப்போது கூட்டிக்கொள்ளலாம்.