பக்கத்தில் நின்று உழைப்பவரின் பெயர் என்ன?

புலம்பெயர்ந்து வந்த நம்மிற் பலர், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை வீட்டாருடன் கழிப்பதில்லை, வேலைத்தலத்திலேயே கழிக்கின்றோம். அங்கே நம்முடன் நிற்பவர்கள் உறவினருமல்லர். நாமாகத் தேடிக்கொண்ட நண்பருமல்லர். நட்பை ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் நட்பாராய்தல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால், சக தொழிலாளரை ஆராய்ந்து தெரிவுசெய்யும் வாய்ப்பு நமக்கு இல்லை. வாய்த்தவர்களோடு ஒருவருக்கொருவர் துணையாகும் உறவை எவ்வாறு வளர்ப்பது? அவ்வுறவு தானாக முளைப்பதன்று, முயன்று வளர்க்கவேண்டியது என்பதும், அதன் முதற்படி மிக எளியது என்பதும் என் கருத்து.

இந்நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவுவேலை செய்தேன். ஓர் இரவு, பொதிகட்டும் இயந்திரத்தில் என் கையுறை சிக்கிக்கொண்டது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற முதியவர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தி என் கையைக் காத்தார். அவர் வேற்றுநாட்டவர், ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் அரைகுறை. அதன்பின் பல மாதங்கள் தலையசைத்துப் புன்னகை புரிந்ததோடு சரி. ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. விசாரிப்பதற்காக மேற்பார்வையாளரிடம் சென்றபோதுதான், அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை என்பது உறைத்தது. அங்க அடையாளம் கூறிப் பார்த்தேன், பயனில்லை. பெயர் சொல்லி அவருக்கு நன்றி கூறாத குறை இன்றுவரை என் நெஞ்சில் நிற்கின்றது.

பெயர் கேட்பது வெறும் உபசாரம் என்று சிலர் எண்ணலாம். மருத்துவ உலகம் அவ்வாறு எண்ணவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சை அறைகளுக்கென 19 அம்சங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளியின் உடலில் கத்தி படுமுன்னர், அறையிலுள்ள வைத்தியர், தாதி, மயக்கமருந்து நிபுணர் யாவரும் தத்தம் பெயரையும் பொறுப்பையும் வாய்திறந்து கூறவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ரொறன்ரோ, இலண்டன், ஒக்லாந்து, புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இப்பட்டியல் சோதிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவின்படி, சத்திரசிகிச்சைக்குப் பின்னான இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

இத்தோடு கதை முடியவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்தபின் செய்யப்பட்ட ஆய்வு 2014இல் வெளியாகியது. அங்கே குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை! தாளில் அடையாளம் இடுவது வேறு. முகம் பார்த்துப் பேசுவது வேறு என்று சிலர் இதற்கு விளக்கம் கூறினர். எனக்கும் அதுவே சரியெனப் படுகின்றது. உறவைக் கட்டளையால் உண்டாக்க இயலாது. பழக்கத்தினால்தான் உண்டாக்க இயலும்.

பெயரறிந்து பழகுவதன் பயன் யாது? தவறு நேரும்போது துணிந்து வாய்திறக்க முடிகின்றது. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி, தெனரீஃப் தீவின் விமான ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட்ட விமானத்தின் பொறியியலாளர், மற்றைய விமானம் ஓடுபாதையை விட்டு நீங்கிவிட்டதா என ஐயத்துடன் வினவினார். மூத்த விமானி, நீங்கிவிட்டது என உறுதியாகக் கூறவே, அவர் மேலும் வற்புறுத்தவில்லை. இத்தகைய விபத்துகளின் பின்னரே, இளையோர் ஐயத்தை எடுத்துரைப்பதும் மூத்தோர் அதற்குச் செவிசாய்ப்பதும் விமானிகளின் பயிற்சியில் இடம்பெறலாயின.

பெரியோர் முன் எதிர்த்துப் பேசாதே என்று பழக்கப்பட்டவர்கள் நாம். அப்பணிவு நமக்கு அழகே. ஆயினும் பணிவு வேறு; மௌனம் வேறு. "ஐயா, இதை இன்னொரு தடவை பார்ப்போமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

"வேலைக்குப் போனோமா, வந்தோமா என்றிருப்பதே மேல், நெருங்கிப் பழகினால் தொல்லை" என்று கூறுவோரும் நம்மிடையே உளர். வம்பும் கோள்சொல்லலும் தொல்லை தருவன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் நமக்காக வேலைநேரத்தை மாற்றிக்கொள்பவர் யார்? பக்கத்தில் நிற்பவரே. அவர் அவ்வாறு உதவவேண்டுமாயின், முன்னொரு நாள் நாம் அவருக்கு உதவியிருக்க வேண்டாமா? உணவு இடைவேளையில் தமிழர் மட்டும் ஒரு மேசையில் கூடித் தமிழிற் பேசிக்கொண்டிருந்தால், எதிர்மேசையில் தனித்திருப்பவர் நம்மை எவ்வாறு அறிவார்? தமிழை வளர்க்க இப்பள்ளி உண்டு; வீடு உண்டு. அந்த மேசையில் இன்னோர் இருக்கைக்கும் இடம் இருக்கட்டும்.

மற்றொன்றும் கூறவேண்டும். உச்சரிக்கக் கடினம் என்று நமது பெயரை நாமே ஓரெழுத்தாக, ஈரெழுத்தாக வெட்டிக் கொடுக்கின்றோம். முழுப்பெயரையும் சொல்லிப் பழக்குவோம். அவர்களுடைய பெயரையும் பிழையின்றிச் சொல்லக் கற்போம்.

மாணவச் செல்வங்களே! இவ்வாண்டு விழா நாடக ஒத்திகையில் நண்பன் வசனத்தை மறந்து நின்றபோது, திரைமறைவிலிருந்து மெல்ல எடுத்துக்கொடுத்தீர்களே, அதுவே நான் கூறும் உறவு. நாளை நீங்கள் பணிபுரியும் இடத்திலும் அதனை மறவாதீர்கள். பெற்றோர்களே! திங்கட்கிழமை வேலைக்குச் செல்லும்போது, பக்கத்தில் நிற்பவரின் பெயர் தெரியுமா என உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தெரியாதெனில், அன்றே கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தவறியவன்.