புனித நூலை உண்டாக்குவது யார்?

எந்த நூலும் எழுதப்படும்போதே புனித நூலாக இருப்பதில்லை. ஒருவர் தொகுக்கிறார், ஒருவர் பெயர் சூட்டுகிறார், அதிகாரம் உள்ளவர்கள் அதை ஏற்கிறார்கள். சில தலைமுறைகள் கடந்ததும் அது கடவுள் தந்தது என்றாகிவிடுகிறது. இதற்குச் சான்று தேடி வேத காலத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் வாழும் வடலூரிலேயே இருக்கிறது.

1867இல் இராமலிங்க அடிகளாரின் பாடல்களில் நான்கு பகுதிகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் அச்சிட்டார். நூலுக்குத் 'திருவருட்பா' என்றும், பகுதிகளுக்குத் 'திருமுறை' என்றும் பெயர் வைத்தார். தன் பெயரோடு 'சாமி' என்று சேர்ப்பதைக்கூட விரும்பாதவர் வள்ளலார். ஆனால் ஆறுமுக நாவலர் கொதித்தார். தேவாரம், திருவாசகம் முதலிய ஐந்து மட்டுமே அருட்பா என்றார். 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

சரி, தேவாரத்துக்கு அந்தத் தகுதி எப்படி வந்தது? திருமுறைகண்ட புராணம் சொல்லும் கதையே போதும். சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறைக்குள் ஏடுகள் கிடந்தன. அரசன் தலையிட்டுத் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி வகுத்தார். பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறையானது அதற்கும் பிறகுதான். ஆக, பட்டியலைப் போட்டவர்கள் மனிதர்கள்.

மனுநூலின் கதையும் இதுதான். வில்லியம் ஜோன்ஸ் அதை மொழிபெயர்த்து 1794இல் 'இந்துச் சட்டம்' என்று வெளியிட்டார். பார்ப்பனர் போற்றிய நூலுக்கு வெள்ளையரின் நீதிமன்றமும் மதிப்புக் கொடுத்தது. 1927 டிசம்பர் 25இல் மகத்தில் அம்பேத்கர் முன்னிலையில் மனுநூல் எரிக்கப்பட்டபோது, எரிந்தது இப்படிச் சேர்ந்த அதிகாரம்தான்.

வேத ஆகமங்களையும் சாதி சமயத்தையும் கடுமையாக மறுக்கும் பாடல்கள் ஆறாம் திருமுறையில் இருக்கின்றன. அது அச்சேறியது 1885இல், வள்ளலார் மறைந்து பதினோரு ஆண்டுகள் கழித்து. இன்று அதற்கும் மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். சாதியை மறுத்த பாட்டை ராகத்தோடு பாடிவிட்டு, சொந்தச் சாதியில் வரன் தேடுகிறார்கள். ஒரு நூலைப் புனிதமாக்கினால் அது சொல்வதைக் கேட்காமல் இருக்க வசதியாகிவிடுகிறது.

தோழர்களே, திருவருட்பாவைப் பூசையறையிலிருந்து வெளியே எடுங்கள். படியுங்கள், கேள்வி கேளுங்கள். 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு பசித்தவரிடம் சாதி கேட்பதில்லை. நம் வீட்டுத் திருமணங்களும் கேட்காமல் இருக்கட்டும்.