நாற்பது ரூபாய்க்குப் பதில் ஐந்நூறு

எழுதி ரொம்ப நாளாயிற்று. மார்ச் கணக்கு முடிப்பு, பிறகு ஆடிட், நடுவில் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. ஊரிலிருந்து ஹைதராபாத்துக்கு அழைத்து வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு நாள் வைத்திருந்தோம். இப்போது நன்றாக இருக்கிறார், இங்கே சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்று குறை சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது அந்த மருத்துவமனையின் கார் பார்க்கிங்கைப் பற்றிய புலம்பல். கடைசியில் கொஞ்சம் உபயோகமான சமாச்சாரமும் இருக்கிறது, அதனால் பாதியில் ஓடிவிடாதீர்கள்.

அங்கே முதல் இரண்டு மணி நேரத்துக்கு 40 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் 20. வசூலிப்பது ஒரு ஒப்பந்தக்காரர். வாசலில் ஃபாஸ்டேகைப் படிக்கும் கருவி இருக்கிறது. நுழையும்போது ஒருமுறை படிக்கும், வெளியேறும்போது மறுமுறை படித்துக் காசை எடுத்துக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 7.10-க்கு உள்ளே போனேன். 8.40-க்கு வெளியே வரும்போது கருவி வேலை செய்யவில்லை. அங்கிருந்த பையன் கையில் 40 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துத் தடுப்பைத் தூக்கிவிட்டான். மறுநாள் மாலை 6.30-க்கு மறுபடி உள்ளே, 7.50-க்கு வெளியே. அன்று கருவி ஜோராக வேலை செய்தது. தடுப்பு தூக்கியதும் செல்பேசியில் குறுஞ்செய்தி வந்தது: 500 ரூபாய் கழிக்கப்பட்டது.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். முதல் நாள் நான் வெளியே போனது அந்தக் கணினிக்குத் தெரியாது. அதன் கணக்கில் என் கார் செவ்வாய் மாலையிலிருந்து அங்கேயே நிற்கிறது. 24 மணி 40 நிமிஷம், அதாவது 25 மணி நேரம். முதல் இரண்டு மணிக்கு 40, மீதி 23 மணிக்கு 460, ஆக 500. கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. ஆரம்பப் பதிவுதான் தப்பு.

பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. அந்தப் பையன் ஒடிஷாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்தவன், நம்மைப் போலவே பிழைக்க வந்தவன். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்" என்று இந்தியில் சொன்னான். மேற்பார்வையாளரும் வந்து அதையே தெலுங்கில் சொன்னார்.

இந்த "சிஸ்டம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் போன வாரம்தான் என் கவுண்டருக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்திருந்தார். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று 100 ரூபாயும், அதற்கு ஜி.எஸ்.டி. 18 ரூபாயும் அவர் கணக்கில் கழித்திருந்தார்கள். "சிஸ்டம் எடுத்திருக்கு மாஸ்டர்காரு" என்று நானேதான் சொல்லி அனுப்பினேன். மருத்துவமனை சம்பவத்துக்கு மறுநாள் காலை முதல் வேலையாக அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். அது ஓய்வூதியக் கணக்காக மாற்றப்பட்டிருக்க வேண்டியது. விண்ணப்பம் கொடுத்திருக்கிறார், எங்கள் ஆட்கள் மாற்றவில்லை. 118 ரூபாயைத் திருப்பிப் போட்டுவிட்டு அவருக்குப் போன் செய்தேன். இதற்காக நாலு முறை வந்து போயிருக்கிறாராம். ஆட்டோ செலவே 118-ஐத் தாண்டியிருக்கும்.

பணம் நம் கையில் இருந்தால் "ஏன் கொடுக்கணும்?" என்று கேட்கலாம், ரசீதைக் காட்டலாம், சண்டை போடலாம். ஃபாஸ்டேகில் கடவு எண்ணும் கிடையாது, ஓ.டி.பி.யும் கிடையாது. முதலில் பணம் போய்விடும், பிறகுதான் வாதம். எடுத்தவருக்கு அவசரம் இல்லை, அலைய வேண்டியது இழந்தவர். வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியதில் வரிசை குறைந்ததை நானும் அனுபவிக்கிறேன். ஆனால் கேட்காமல் எடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டவர், தப்பாக எடுத்ததைக் கேட்டவுடன் சரிபார்க்கும் கடமையையும் சேர்த்து ஏற்க வேண்டும். இப்போது முதல் பாதி மட்டும்தான் நடக்கிறது.

அன்றிரவு நான் மெயில் தட்டிக்கொண்டிருந்தபோது தங்கமணி கேட்டாள்: "ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு பாடா? அந்த நேரத்துக்கு அப்பா பக்கத்துல உட்கார்ந்திருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி, என்னிடம் உடனே பதில் இல்லை. வாசலில் நின்று நான் வாதாடிய இருபது நிமிஷம் வீண்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையனால் எதையும் திருப்பித் தர முடியாது. மிஞ்சிப்போனால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆனால் எழுதிக் கேட்பது வீண் இல்லை. அதற்கு அரை மணி போதும்.

நான் எழுதியது மூன்று பேருக்கு: ஒப்பந்தக்காரர், மருத்துவமனை நிர்வாகம், எனக்கு ஃபாஸ்டேக் கொடுத்த வங்கி. பரிவர்த்தனை எண், துண்டுச் சீட்டின் படம், புதன்கிழமை காலை பெட்ரோல் போட்ட பில், பகல் முழுக்கக் கார் நின்ற எங்கள் அலுவலகப் பார்க்கிங் பதிவேட்டின் படம் எல்லாம் வைத்தேன். "பதிவுகள் சரியாக உள்ளன" என்று ஒப்பந்தக்காரரிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். புதன்கிழமை 6.30-க்கு உங்கள் நுழைவுக் கேமராவில் என் கார் உள்ளே வருவது பதிவாகியிருக்கும். ஏற்கெனவே உள்ளே நிற்கும் கார், வெளியே போகாமல் எப்படி மறுபடி உள்ளே வரும்? பி.காம். முதல் வருஷத்திலேயே படித்ததுதான், ஒரு பக்கம் பற்று இருந்தால் மறுபக்கம் வரவு இருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் 460 ரூபாய் திரும்பி வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை இல்லை. அந்தச் செவ்வாய் மாலை கருவி பழுதானபோது வெளியேறிய மற்ற வண்டிகளின் கதி என்ன என்றும் கேட்டிருந்தேன். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் அடுத்த நாளும் வந்துதானே இருப்பார்கள்? அதற்கு இதுவரை பதில் இல்லை. 460 ரூபாயைவிட இதுதான் என்னை உறுத்துகிறது. மருந்துச் சீட்டும் கையுமாக ஓடுகிறவர்கள் குறுஞ்செய்தியைப் பார்ப்பார்களா?

நம் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கும் நாம் "நமக்கெதுக்கு வம்பு, பாஷை வேற தெரியாது" என்று கட்டிவிட்டுப் போகிறோம். எழுத்தில் கேட்பதற்குத் தெலுங்கு சரளமாக வர வேண்டியதில்லை. ஹைதராபாத் மால்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தெலங்கானா அரசு 2018-ல் போட்ட ஆணைப்படி முதல் அரை மணிக்குப் பார்க்கிங் இலவசம். ஒரு மணி நேரம் வரை ஏதாவது பில்லைக் காட்டினால் இலவசம். அதற்கு மேல், பில் தொகை பார்க்கிங் கட்டணத்தைவிட அதிகமென்றால் அப்போதும் இலவசம். பில்லைக் குப்பையில் போட்டுவிட்டுக் காசு கட்டும் நண்பர்கள் எனக்கு நிறைய பேர் உண்டு.

உங்களுக்கு இப்படி நடந்தால்: எந்தச் சீட்டையும் ஒரு மாதம் வரை எறியாதீர்கள். டேக் கொடுத்த வங்கியில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். 1033 தேசிய நெடுஞ்சாலைக்கானது, தனியார் பார்க்கிங்குக்கு அதில் அழைத்துப் பயனில்லை. பார்க்கிங் நடத்துபவர் மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் அது வங்கியின் சேவைக் குறைக்கு மட்டும்தான், ஒப்பந்தக்காரரை அங்கே இழுக்க முடியாது.

தங்கமணியிடம் பணம் வந்ததைச் சொன்னேன். "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள். மெயிலிலேயே அவன்மேல் தவறில்லை என்று எழுதியிருந்தேன். மறுபரிசோதனைக்கு மாமனாரை அழைத்துப் போனபோது வாசலில் அவன்தான் நின்றிருந்தான். பார்த்ததும் சிரித்தான்.

டிஸ்கி: வாடிக்கையாளரிடம் "சிஸ்டம்" என்று சொல்வதை நானும் நிறுத்தியிருக்கிறேன். நாக்கு நுனி வரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன்.